30 நாள் இலவசப் படுக்கை: அரசு மானியத்தில் நடக்கும் போதை மீட்பு மையங்கள் எப்படி?

வீட்டில் ஒருவர் விடிந்ததும் குடிக்கிறார். கையில் சேமிப்பு இல்லை. தனியார் மறுவாழ்வு மையத்தின் மாதக் கட்டணத்தைக் கேட்டதுமே போனை வைக்க வேண்டியிருக்கிறது. அடுத்து யாராவது சொல்வது: ‘கவர்மென்ட் மையம் இருக்கே, அங்க கேட்டுப் பாருங்க.’ அப்படிச் சொல்லப்படும் இடங்களில் பல, அரசே நேரடியாக நடத்துபவை அல்ல. நடத்துவது தொண்டு நிறுவனம். பணம் கொடுப்பது மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம். ஆவணங்களில் இவற்றின் பெயர் ஐ.ஆர்.சி.ஏ., அதாவது போதையாளர்களுக்கான ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையம். இந்த மானியம் 1985-86லிருந்து இருக்கிறது. 2018-ல் வகுக்கப்பட்ட போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டத்தின் கீழ் இது பின்னர் கொண்டுவரப்பட்டது. 15, 30, 50 படுக்கை என மையங்களுக்கு அளவு உண்டு.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மாதத் தங்கலில் முதல் வாரம் போனபின் வரும் மூன்று வாரங்களுக்கு இந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது. அந்த முதல் வாரத்துக்கு இது போதாது. வீட்டுக்கு வந்த பிறகான மாதங்களுக்கோ அநேகமாக இல்லை என்றே சொல்ல வேண்டும். மானியம் எதை எண்ணிப் பணம் கொடுக்கிறது என்று பார்த்தால் இதற்கான காரணம் புரியும்.

உள்ளே கிடைப்பதைப் பார்ப்போம். தங்குமிடம், சாப்பாடு, அடிப்படை மருந்துகள், தனி ஆலோசனை, குழு ஆலோசனை, யோகா, குடும்பத்தாருக்கான சந்திப்பு. எல்லாம் இலவசம். பகுதி நேர மருத்துவர், செவிலியர், ஆலோசகர்கள், வார்டு உதவியாளர்கள், சமையல்காரர், காவலர், கணக்கர், முன்பு போதையில் இருந்து மீண்டு இப்போது மற்றவர்களுக்கு வழிகாட்டும் ஒருவர் என்று ஆள் பட்டியல் திட்டத்திலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சொன்ன அந்த ஒருவர் பல மையங்களில் சம்பளப் பட்டியலின் அடியில் இருப்பார். ஆனால் நோயாளிகள் காது கொடுத்துக் கேட்பது அவர் பேச்சைத்தான். ஆலோசகர் மாறாமல் இருக்கும் மையத்தில், இரண்டாவது வாரத்திலிருந்து பேச்சு ‘நான் குடிகாரன் இல்லை’ என்பதைத் தாண்டி, எந்த நேரத்தில், யாரோடு, எந்தச் சண்டைக்குப் பிறகு குடிக்கத் தோன்றுகிறது என்ற இடத்துக்கு வந்துவிடும். அங்கே வருவதற்கு எப்படியும் அத்தனை நாள் வேண்டும்.

இப்போது பலவீனத்துக்கு வருவோம். மேலே உள்ள பட்டியலில் ‘பகுதி நேர மருத்துவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, காய்ச்சல், ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் என்று வரும் ஆபத்தான நிலை 48 முதல் 96 மணி நேரத்தில் தலைகாட்டும். இது உயிரைப் பறிக்கக்கூடியது. இவை நடக்கக்கூடிய இரண்டாவது, மூன்றாவது இரவுகளில் மையத்தில் மருத்துவர் இருக்க மாட்டார். செவிலியர் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆகவே காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை அல்லது ரத்த வாந்தி கண்டவர், 60 வயதைத் தாண்டியவர் ஆகியோரை நேராக இங்கே சேர்க்காதீர்கள். முதல் 7 முதல் 10 நாள் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கிருந்து டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு மையம். இந்த வரிசைதான் சரி. நல்ல மையம் இதைத் தானே சொல்லும். ‘எவ்வளவு குடிச்சாலும் பரவாயில்லை, கொண்டு வாங்க, நாங்க பார்த்துக்கிறோம்’ என்று சொல்லும் இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

கூடவே ஒன்று. நம் ஊரில் சோர்ந்து கிடந்தால் ‘ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க’ என்று கேட்பது பழக்கம். நாள்பட்டுக் குடித்து, சரியாகச் சாப்பிடாதவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்: கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், பிறகு நினைவாற்றலும் போகலாம். தயமின் முதலில் போடப்பட்டதா என்று கேட்பது உறவினரின் உரிமை. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்துச் சீட்டில் டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு, அல்லது கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸிபாம் இருக்கும். நாளுக்கு நாள் அளவு குறைந்து சுமார் ஒரு வாரத்தில் முடிய வேண்டும். ஒரு மாதம் கழித்தும் அதே மாத்திரை தொடர்ந்தால், ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதைதான்.

இனி மானியம். பணம் தவணையாக வருகிறது. அடுத்த தவணைக்கு முந்தைய பணத்தின் பயன்பாட்டுச் சான்று, மத்திய அரசின் பொது நிதி விதிகள் வகுத்த ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் போக வேண்டும். பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்த கணக்கு, ஆய்வு அறிக்கை, மாநில அல்லது மாவட்ட நிர்வாகத்தின் பரிந்துரை, மானிய விண்ணப்பத்துக்கான இ-அனுதான் இணையதளத்தில் பதிவேற்றம் எல்லாம் சேர வேண்டும். இதில் ஒரு காகிதம் எங்காவது நின்றாலும் தவணை நிற்கும். தவணை நின்றால் முதலில் நிற்பது சம்பளம். சமையல்காரர் இல்லாமல் மையம் ஒரு நாள்கூட ஓடாது, ஆகவே அவருக்கு எப்படியாவது கொடுத்துவிடுவார்கள், கைவிடப்படுவது ஆலோசகர். அவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். புதிதாக வருபவருக்குப் பழைய நோயாளிகள் யாரையும் தெரியாது. சிகிச்சையின் இதயமே ஆலோசகருக்கும் நோயாளிக்கும் இடையே ஊறி வரும் நம்பிக்கை என்னும்போது இது சின்ன இழப்பு அல்ல. ஒரு மையத்தின் தரத்தை ஒரே கேள்வியில் எடைபோட வேண்டுமானால் ‘இங்கே ஆலோசகர் எத்தனை வருடமாக இருக்கிறார்?’ என்று கேளுங்கள். கட்டடம், சுவர் வண்ணம், சேர்மனோடு எடுத்த படங்கள் எதுவும் அந்தப் பதில் அளவுக்குச் சொல்லாது.

ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்ப்பது பதிவேடு. எத்தனை படுக்கை, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆனவர் ஆறாவது மாதத்தில் எப்படி இருக்கிறார் என்பதற்கும் பதிவேடு உண்டு. ஆனால் அதை நிரப்ப வீடு தேடிப் போக வேண்டும், பஸ் செலவு வேண்டும், ஆள் வேண்டும். படுக்கை காலியாக இருந்தால் கேள்வி வரும், போன் செய்யாமல் விட்டால் வராது. எனவே மையத்தின் கவனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. புதிதாக மானியம் ஒதுக்கும்போதும் இத்தனை மையம், இத்தனை படுக்கை என்ற கணக்கில்தான் விரிவாக்கம் பேசப்படுகிறது.

படுக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையம் தயாரித்து 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகக் கிடைத்தது 180 பேரில் ஒருவருக்கு. பற்றாக்குறை அவ்வளவு. ஆனால் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: வெளிநோயாளிச் சிகிச்சையும் எட்டவில்லை, அதை விரிப்பது படுக்கை போடுவதைவிடச் செலவு குறைந்த வேலை.

கூலி வேலைக்குப் போகிறவருக்கு ‘இலவசம்’ என்ற சொல்லின் அர்த்தமும் வேறு. 30 நாள் உள்ளே இருந்தால் 30 நாள் கூலி போச்சு. பாதியில் ஓடிப்போகிறவர்களைக் கேட்டால், குடிக்கும் ஆசைக்கு அடுத்தபடியாகச் சொல்வது வீட்டு வாடகையும் குழுக் கடனும்தான். இவர்களில் உடல்நிலை பரவாயில்லை, வீட்டில் கவனிக்க ஆள் உண்டு என்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள ஏ.டி.எஃப். எனப்படும் போதை சிகிச்சைப் பிரிவு, அது இல்லாத இடத்தில் மனநல வெளிநோயாளிப் பிரிவு போதும். வாரம் ஒரு நாள் போய் மருந்து வாங்கலாம். தமிழ்நாடு அரசு 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது; மருத்துவரும் படுக்கையும் ஒரே வளாகத்தில் இருப்பதால் முதல் வாரச் சிக்கலுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஹெராயின் அல்லது ஊசி வழிப் போதை என்றால் கதையே வேறு. அங்கே 30 நாள் அடைத்து வைப்பதால் பயன் குறைவு, ஆபத்து அதிகம்: உடல் தாங்கும் அளவு குறைந்த பிறகு வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். அவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஓ.எஸ்.டி. மையங்களில், அதாவது போதைக்குப் பதிலாக மாற்று மருந்து தரும் மையங்களில், நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரனார்பின் மாத்திரை, செவிலியர் கண்முன்னே, தினமும், இலவசம்.

மதுவுக்கான மையத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் அன்று கையில் என்ன இருக்க வேண்டும்? அடுத்த சந்திப்புத் தேதி, ஆலோசகரின் போன் எண், மருந்துச் சீட்டு. மருந்தில் இரண்டு வழி உண்டு. நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் குடிக்கும் வேட்கையைக் குறைக்கும். டைசல்பிராம் 250 மில்லிகிராம் வேறு மாதிரி: அதைச் சாப்பிட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி வரும், மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட வரலாம். கல்லீரல் பரிசோதனை, ஈ.சி.ஜி. பார்த்து, நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, ஒருவர் மேற்பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டியது. அரிஷ்டம், சில இருமல் டானிக்குகள் எல்லாவற்றிலும் ஆல்கஹால் உண்டு, அவையும் கூடாது. ‘தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்க’ என்று விற்கப்படும் பொடிகளில் இதே மருந்து இருக்கக்கூடும். அப்படிக் கொடுத்தால் நெஞ்சுவலியில் ஆள் போய்விடவும் கூடும். எந்த மையமாவது இந்த யோசனையைச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதையால் வரும் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. ஆகவே மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். தானாக வந்து சேர்ந்தவர் கேட்டால் அனுப்பிவிட வேண்டும். முடிவெடுக்கும் திறன் இல்லாத நிலையில், இரண்டு மருத்துவ வல்லுநர்கள் பார்த்து, நியமனப் பிரதிநிதியின் (நோயாளிக்கு முடிவெடுக்க உதவும்படி நியமிக்கப்பட்டவரின்) விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பது முதலில் 30 நாளுக்கு மட்டும். சங்கிலியால் கட்டுவது எந்த விதத்திலும் குற்றம். இரவில் ஆட்டோவில் நாலு பேர் வந்து தூக்கிப் போவதை ‘பிக்கப்’ என்று சேவை போலச் சொல்லும் இடங்கள் மானியம் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, சட்டத்துக்கு வெளியே இருப்பவை.

பெண்களுக்கு இந்தத் திட்டம் இன்னும் சரியாக எட்டவில்லை. மேலே சொன்ன 2019 ஆய்வில் பெண்களில் மது அருந்துபவர்கள் 1.6 சதவீதம். எண் சிறியது என்பதால் பெரும்பாலான மையங்கள் ஆண்களுக்கு மட்டும். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற கேள்விக்கு அநேகமாகப் பதில் இல்லை. இப்போதைக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் பெண்கள் வார்டுதான் வழி.

அருகில் உள்ள மையத்தைத் தெரிந்துகொள்ள 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416. பேசும்போது ஊர் பெயரோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது குடித்தார், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு வலிப்பு உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற நான்கையும் சொல்லுங்கள். மையத்துக்குப் போனதும் ராத்திரியில் யார் இருப்பார்கள், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் என்று கேளுங்கள். கிளம்பும் முன் ஒன்று பாக்கி: டிஸ்சார்ஜுக்குப் பிறகு அவர்களே போன் செய்வார்களா, அல்லது நாம்தான் செய்ய வேண்டுமா என்று கேட்டு, பதிலைத் தேதியோடு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.