சமூக ஊடக ஏபிஐகள்: ஒரு செயலியைப் பராமரித்த அனுபவம்

சிறு பதிப்பகங்களும் புத்தகக் கடைகளும் நடத்தும் சமூக ஊடகப் பக்கங்களில் வாசகர்கள் எழுதுகிற கேள்விகளையும் கருத்துகளையும் ஒரே திரையில் திரட்டித் தரும் செயலி ஒன்றை எங்கள் சிறு குழு சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. யூடியூப் காணொளியின் கீழ் ஒரு நூல் கையிருப்பில் உள்ளதா என்று கேட்பவருக்கும், ஃபேஸ்புக் பதிவில் விலை கேட்பவருக்கும் அன்றைக்கே பதில் போய்ச்சேர வேண்டும் என்பதே இதன் நோக்கம். இதற்காகப் பல தளங்களின் ஏபிஐகளை, அதாவது ஒரு தளத்தின் தரவை வெளிச் செயலிகள் கேட்டுப் பெறுவதற்கான இடைமுகங்களை, ஆராய்ந்தோம். சிலவற்றை இணைத்தோம், சிலவற்றை வேண்டாமென்று விட்டோம். எந்த ஏபிஐயில் என்னென்ன வசதிகள் உள்ளன என்ற ஒப்பீடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் யாருடைய அனுமதியின் பேரில் தரவை எடுக்கிறோம், விதி மாறும் நாளில் நம் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே ஒரு செயலி நிலைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு 2023ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ட்விட்டர் அவ்வாண்டு பிப்ரவரி 2 அன்று தன் இலவச ஏபிஐயை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, முதலில் கொடுத்த அவகாசம் ஒரு வாரம் மட்டுமே. பிறகு அந்தக் கெடு தள்ளிப்போய், மார்ச் மாத இறுதியில் புதிய கட்டண அடுக்குகள் வந்தன. அப்போது இலவச அடுக்கில் மாதம் 1,500 பதிவுகளை இட முடிந்தது, ஆனால் பிறர் பதிவுகளைப் படிக்க இயலவில்லை. மாதம் 100 டாலர் அடுக்கில் 10,000 பதிவுகளைப் படிக்க முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மே மாதம் அறிமுகமான அடுத்த அடுக்கின் விலை 5,000 டாலராக இருந்தது. நூறுக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத இந்த இடைவெளியில்தான் சிறு செயலிகள் பலவும் இருந்தன. அதே ஆண்டு ஜூலை 1 முதல், பேரளவில் பயன்படுத்தும் செயலிகளிடம் ஆயிரம் அழைப்புகளுக்கு (செயலி தரவு கேட்டு அனுப்பும் கோரிக்கைகளுக்கு) 0.24 டாலர் வசூலிக்க ரெட்டிட் என்ற விவாதத் தளம் முடிவு செய்தது. தொகை அற்பமாகத் தோன்றலாம்; ரெட்டிட்டைப் படிக்க உதவிய அப்பல்லோ செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக் தம் பயனர்களின் அழைப்புகளை வைத்துக் கணக்கிட்டபோது ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வந்தது. ஜூன் 30 அன்று அப்பல்லோ மூடப்பட்டது. அலகு விலையைப் பார்த்து மயங்காமல், ஒரு பயனர் ஒரு நாளில் எத்தனை அழைப்புகளை உண்டாக்குகிறார் என்பதை முதலில் அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

எங்கள் செயலியின் முதுகெலும்பாக இருப்பது யூடியூப் தரவு ஏபிஐ. பணம் கேட்காது, ஆனால் ஒரு திட்டத்துக்கு நாளொன்றுக்கு 10,000 அலகுகள் என்பதே இயல்பான ஒதுக்கீடு. இந்த ஒதுக்கீடு நம் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கிடைப்பதில்லை, மொத்தச் செயலிக்கும் சேர்த்து ஒன்றே என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். தேடல் அழைப்பு ஒன்றுக்கு 100 அலகுகள் செலவாகும் என்பதால், தேடலை நம்பிக் கட்டிய செயலி நூறு தேடல்களில் அன்றைய கணக்கை முடித்துக்கொள்ளும். சேனலின் பதிவேற்றப் பட்டியலைக் கேட்டாலோ, 50 காணொளிகள் ஒரே அலகில் வந்துவிடுகின்றன.

கருத்துகளைத் திரட்டுவதிலும் இதே சிக்கனம் வேண்டும். 200 சேனல்கள், ஒவ்வொன்றிலும் அண்மைக் காணொளிகள் 20 என்று வைத்துக்கொண்டால், காணொளிக்கு ஓர் அலகு வீதம் ஒரு சுற்றுக்கு 4,000 அலகுகள் போய்விடும். நாளைக்கு இரண்டு சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் முதலில் காணொளிகளின் அடையாளக் குறியீடுகளை ஐம்பது ஐம்பதாகச் சேர்த்து அனுப்பி, கருத்துகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்கிறோம். இதற்கு ஒரு சுற்றுக்கு 80 அலகுகளே ஆகின்றன. மணிக்கொரு முறை கேட்டாலும் நாளுக்கு 1,920தான். எண்ணிக்கை மாறிய காணொளிகளுக்கு மட்டும் கருத்துகளைத் தரவிறக்குகிறோம். ஒரு கருத்து நீக்கப்பட்டு இன்னொன்று சேர்ந்தால் எண்ணிக்கை மாறாது என்பதால், நாளுக்கு ஒரு முறை முழுச் சுற்றும் ஓடுகிறது. ஒதுக்கீடு புதுப்பிக்கப்படுவது பசிபிக் நேரப்படி நள்ளிரவில், அதாவது இந்திய நேரப்படி கோடையில் பகல் 12.30க்கும் குளிர்காலத்தில் 1.30க்கும். ஆகவே முழுச் சுற்றைக் காலையில் வைத்து, அன்றைய கணக்கில் மீந்திருக்கும் அலகுகளில் முடித்துவிடுகிறோம்.

யூடியூப் விதிகளில் இன்னொன்று எங்கள் தரவுத்தளத்தின் அமைப்பையே தீர்மானித்தது: பயனரின் தனி அனுமதியின்றி ஏபிஐ வழியாகப் பெற்ற பொதுத் தரவை 30 நாட்களுக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது, புதுப்பிக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். பல்லாண்டுப் போக்குகளை வரைபடமாகக் காட்டுவதாகத் தங்கள் செயலியைத் திட்டமிடுபவர்கள், நிரலின் முதல் வரியை எழுதும் முன்பே இந்த விதியைப் படித்துவிட வேண்டும். எங்கள் அட்டவணைகள் ஒவ்வொன்றிலும் தரவு பெறப்பட்ட நாளும் காலாவதி நாளும் தனிப் பத்திகளாக உள்ளன.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டாவின் வழி வேறு. ஃபேஸ்புக் கிராஃப் ஏபிஐயின் முதல் பதிப்பு பயனரின் நண்பர்களுடைய விவரங்களைக்கூடச் செயலிகளுக்குத் தந்தது. அந்தக் கதவு 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. அதற்கு முன்பு வெளியேறிய தரவின் விளைவு 2018 மார்ச்சில், அரசியல் ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரமாக வெளிவந்தபின், கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. இன்று பக்கத்தின் உரிமையாளரே தம் பக்கத்தை இணைத்து அனுமதி தந்தால், கருத்துகளைப் பெறுவதும் பதிலிடுவதும் ஒழுங்காக நடக்கின்றன. தொடர்பற்ற பக்கங்களின் பொதுப் பதிவுகளைத் திரட்ட விரும்புவோருக்கு வழி மிகக் குறுகியது. இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. உரிமையாளரின் அனுமதியில் நிற்கும் இணைப்பு விதி மாற்றங்களையும் பெரும்பாலும் தாங்கி நின்றிருக்கிறது. இன்ஸ்டாகிராமின் நீள்கால டோக்கன் (அனுமதியைக் காட்டும் டிஜிட்டல் சாவி) 60 நாட்களில் காலாவதியாகும் என்பதால், அதைப் புதுப்பிக்கும் பணிக்குத் தனிக் கண்காணிப்பு தேவை.

எல்லாத் தளங்களின் தரவையும் ஒரே வடிவில் தருவதாகச் சொல்லும் இடைநிலைச் சேவைகளும் உள்ளன. அவற்றில் ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினோம். தொடங்குவது எளிதாக இருந்தது. ஆனால் ஒரு தளத்தின் விருப்பக் குறியும் இன்னொன்றின் வாக்கு எண்ணிக்கையும் ஒரே எண்ணாகக் கலக்கப்பட்டு வந்தன. மூலத் தளத்தில் நீக்கப்பட்ட கருத்துகள் எங்களிடம் நீக்கப்படாமல் தங்கின. ஒருவர் தம் கருத்தை அழித்த பிறகு அது எங்கள் திரையில் தொடர்வதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. அந்தச் சேவையை விட்டுவிட்டு நேரடி இணைப்புகளுக்கு மாறினோம்.

தமிழ் உள்ளடக்கத்தைக் கையாள்பவர்கள் ஏபிஐயின் தேடலைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும். 'புத்தகம்' என்று தேடினால் 'புத்தகத்தை', 'புத்தகங்களுக்கு' ஆகியவை வரும் என்ற உறுதி இல்லை. 'Puthagam' என்பதுபோல ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதப்படும் தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே யூனிகோட் எண்ணாகவும், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு எண்களாகவும் எழுத முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டும் தரவுத்தளத்துக்கு வேறு வேறு சொற்கள். உரையைச் சேமிக்கும் முன் இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்தே ஆக வேண்டும். தளத்தின் தேடலை நம்பாமல் உரையைப் பெற்று நாமே வேர்ச்சொல் பார்த்துத் தேடுவது எங்களுக்கு நல்ல பலனைத் தந்திருக்கிறது.

திறந்த நெறிமுறைகளில் இயங்கும் தளங்களை அண்மையில் சேர்த்திருக்கிறோம். மாஸ்டடான் தளம் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 முதல் டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பின் பரிந்துரை. மாஸ்டடானின் இயல்பான வரம்பான ஐந்து நிமிடத்துக்கு 300 அழைப்புகள் எங்கள் தேவைக்குத் தாராளம். ப்ளூஸ்கை தன் பொதுப் பதிவுகளின் முழு ஓடையையும் திறந்தே வைத்திருக்கிறது. அதன் ஜெட்ஸ்ட்ரீம் சேவையில் உள்நுழைவுகூட இல்லாமல் பதிவுகள் நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் வந்துகொண்டே இருக்கும். பதிவின் மொழிக் குறியை இடுவது பயனரின் செயலி என்பதால், அதை மட்டும் வைத்துத் தமிழ்ப் பதிவுகளைப் பிரிக்க இயலாது. ஆனால் நீக்கங்களும் அதே ஓடையில் நிகழ்வுகளாக வருகின்றன. எழுதியவர் அழித்த பதிவு எங்கள் திரையிலிருந்தும் சில நொடிகளில் மறைகிறது. வாசகர் எண்ணிக்கை இங்கு இன்னும் குறைவே என்றாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்விணைப்பைத் தக்கவைத்திருக்கிறோம்.