ஃபேமிலி லிங்க்: கோத்தகிரி மழையில் ஓராண்டு அனுபவம்

ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளின் பாடங்களுக்காக வாங்கிய ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். 2017இல் வெளிவந்த இந்த இலவசச் செயலியின் வழியாக, பிள்ளை எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதைப் பெற்றோர் தம் கைப்பேசியிலிருந்தே முடிவு செய்யலாம். நான் வேலைக்குக் குன்னூர் சென்றுவிடுவதாலும், மாலையில் மகளுடன் இருப்பவர் என் மாமியார் மட்டுமே என்பதாலும், இந்த வசதி எங்களுக்குத் தேவைப்பட்டது.

தொடக்கமே தவறாகத்தான் அமைந்தது. டேப்லெட்டை விற்ற கடைக்காரர், வேலை சுருக்கமாக முடியட்டும் என்று என் ஜிமெயிலையே அதில் பதிவு செய்து கொடுத்துவிட்டார். பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கு இருந்தால்தான் ஃபேமிலி லிங்க் கண்காணிக்கும் என்பதை அறியாமல் இரண்டு வாரங்களை வீணாக்கினோம். பிறகு டேப்லெட்டை முழுவதும் அழித்து, மகளின் கணக்கோடு மறுபடியும் தொடங்கினோம். அதன்பின் அவள் எந்தச் செயலியை நிறுவ முயன்றாலும் அனுமதி கேட்டு என் கைப்பேசிக்கு அறிவிப்பு வருகிறது. முதல் வாரத்தில் வந்தவை பெரும்பாலும் விளையாட்டுகள்தாம்.

பள்ளி நாட்களுக்கு ஒன்றரை மணி நேரம் என வரம்பு வைத்திருக்கிறோம். திக்ஷா செயலிக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீட்டை அதில் ஸ்கேன் செய்தால் பாடக் காணொளி வருகிறது. பாடங்களைப் பதிவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், சிக்னல் நன்றாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அந்த வாரத்துக்கானவற்றை இறக்கிவிடுகிறோம். வீட்டுப்பாடம் வாட்ஸப் குழுவில் என் கைப்பேசிக்குத்தான் வருகிறது. அதில் இந்தச் செயலியால் ஆவது ஒன்றுமில்லை.

யூடியூபில்தான் குறை தெரிகிறது. பெற்றோர் கண்காணிக்கும் கணக்குகளுக்கு அதில் மூன்று படிநிலைகள் உள்ளன. ஒன்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான முதல் படியையே தேர்ந்தெடுத்தோம். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் அதில் கிடைக்கின்றன, கூடவே கேக் அலங்காரமும் பொம்மைப் பெட்டி பிரிப்பும் கிடைக்கின்றன. ஃபேமிலி லிங்க் அறிக்கையோ யூடியூப் 1 மணி 10 நிமிடம் என்று மட்டும் சொல்லும். அந்த நேரம் பின்னக் கணக்குக்குப் போனதா, கேக்குக்குப் போனதா என்பது அதில் தெரியாது. ஆகவே யூடியூபுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கி, அதையும் அடுப்படியில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். செயலியைவிட அந்த ஏற்பாடே நன்றாக வேலை செய்கிறது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இச்செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சண்டைதான் மிஞ்சும்.

மலையில் இருப்பவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. டேப்லெட்டில் இணையம் இல்லாவிட்டால், நாம் மாற்றும் நேர வரம்பு அதற்குப் போய்ச் சேராது. வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு நாள் மாலை, திக்ஷா அல்லாத வேறொரு செயலியில் அறிவியல் பாடம் பாதியில் இருக்கும்போதே டேப்லெட் பூட்டிக்கொண்டது. நான் குன்னூரிலிருந்து கூடுதல் நேரம் கொடுத்தும் பயனில்லை. இத்தகைய சமயத்துக்கென்றே பெற்றோரின் செயலியில் ஒரு குறியீட்டு எண் உள்ளது. அதை டேப்லெட்டில் இட்டால் இணையம் இல்லாமலேயே பூட்டு திறக்கும், இரு கருவிகளிலும் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். டேட்டாதான் போயிருந்ததே தவிர பேச்சு கேட்டதால், அழைத்து எண்ணைச் சொன்னேன். மாமியார் அதை நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, இருமுறை திருப்பிப் படித்துச் சரிபார்த்த பிறகே மகளிடம் கொடுத்தார். அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை, மறுநாள் நாட்காட்டியைப் பார்த்துத் தானே முயன்ற பிறகுதான் மகள் தெரிந்துகொண்டாள்.