கலிஃபோர்னியா சட்டமன்றத் தளம்: வங்கி மசோதாக்களைப் புரிந்துகொள்ள எவ்வளவு உதவும்?

கலிஃபோர்னியாவில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்த மாநில சட்டமன்றம் இலவசமாகவே ஒரு அருமையான சேவை தருகிறது. லெஜ்இன்ஃபோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சட்டமன்றத் தகவல் தளம்தான் அது. ஒரு மசோதா பற்றிச் செய்தி வந்தால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இனிமேல் ஓவர்டிராஃப்ட் கட்டணமே கிடையாதாம்" (கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுத்தால் பிடிக்கும் கட்டணம்) என்று போடுவார், இன்னொருவர் அதெல்லாம் சும்மா என்பார், இரண்டு பேரும் மசோதாவைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் வாக்குவாதம் முடிந்திருக்கும்.

உதாரணத்துக்கு 2024இல் வந்த எஸ்.பி. 1075ஐ எடுத்துக்கொள்கிறேன் (எஸ்.பி. என்றால் செனட் மசோதா, ஏ.பி. என்றால் அசெம்பிளி மசோதா, இவை இரண்டும் சட்டமன்றத்தின் இரு அவைகள்). செனட்டர் ஸ்டீவன் பிராட்ஃபோர்டு கொண்டுவந்தது, கிரெடிட் யூனியன்கள் வாங்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதா. கிரெடிட் யூனியன் என்பது உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பு, லாபத்துக்காக நடத்துவதில்லை, அதனாலேயே பலரும் வங்கியை விட்டு அங்கே போகிறார்கள். மசோதாவின் பக்கத்தைத் திறந்தால் மேலே வரிசையாகத் தாவல்கள் இருக்கும்: மசோதா வாசகம், வாக்குகள், வரலாறு, பகுப்பாய்வு, தற்போதைய நிலை. பெரும்பாலோர் வாசகத்தைத் திறந்து, உட்பிரிவு மேல் உட்பிரிவாகப் போவதைப் பார்த்து மூடிவிடுகிறார்கள். நான் சொல்வது, முதலில் பகுப்பாய்வுக்குப் போங்கள்.

இந்தப் பகுப்பாய்வுகளை எழுதுவது கட்சிக்காரர்களோ பத்திரிகைக்காரர்களோ இல்லை, மசோதா போகும் ஒவ்வொரு குழுவிலும் வேலை செய்யும் அலுவலர்கள். வங்கி, கிரெடிட் யூனியன் சம்பந்தப்பட்டவை என்றால் செனட்டில் ஒரு குழு, அசெம்பிளியில் ஒரு குழு, இரண்டிலும் தனித்தனியாக எழுதுவார்கள். இப்போது சட்டம் என்ன சொல்கிறது, மசோதா எதை மாற்றும், ஏன் கொண்டுவந்தார்கள், எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், எங்கே சிக்கல் வரலாம் என்று வரிசையாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கம்: யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்ற பெயர்ப் பட்டியல். நுகர்வோர் அமைப்புகள் ஒரு பக்கம், கிரெடிட் யூனியன்களின் சங்கம் மறுபக்கம் என்று அப்படியே கண்ணுக்குத் தெரியும். நம் பணம் இருக்கும் அமைப்பு சட்டமன்றத்தில் யார் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

எஸ்.பி. 1075இல் உள்ள உச்சவரம்பு 14 டாலர், அல்லது மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. நிர்ணயிக்கும் தொகை, இதில் எது குறைவோ அது. கண்ணில் படுவது "14 டாலர்"தான், ஆனால் விஷயம் இருப்பது அந்த "எது குறைவோ"வில். அந்த மத்திய அமைப்பு 2024 ஜனவரியில் ஒரு விதியை முன்மொழிந்தது, அதில் இந்தக் கட்டணத்துக்கு 3, 6, 7, 14 டாலர் என்று நான்கு மாற்றுத் தொகைகள் இருந்தன. டிசம்பரில் இறுதி விதியில் 5 டாலர் என்று முடிவானது, அதுவும் 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள நிறுவனங்களுக்கு மட்டும். 2025 மே மாதம் நாடாளுமன்றத் தீர்மானத்தில் அதிபர் கையெழுத்துப் போட, அந்த விதியே ரத்தானது. ஆக மத்தியத் தொகை போய்விட்டது, மாநிலச் சட்டத்தின் 14 டாலரே நிலைத்தது. இந்த ஒற்றை வரியை மசோதா வாசகத்தில் நேராகப் படித்தவருக்குத்தான் இது முழுசாகப் புரியும். மசோதா சட்டமாகிவிட்டது, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை.

வங்கிகளை விட்டுவிட்டுக் கிரெடிட் யூனியன்களை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்ற கேள்வி எனக்கும் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு சட்டம் இருக்கிறது, 2022இன் எஸ்.பி. 1415. மாநில உரிமம் பெற்ற வங்கிகளும் கிரெடிட் யூனியன்களும் இந்தக் கட்டணங்களில் எவ்வளவு சம்பாதித்தன என்று வருடா வருடம் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாநிலத் துறையிடம் சொல்ல வேண்டும், துறை அதை நிறுவனப் பெயரோடு வெளியிட வேண்டும். முதல் அறிக்கை வந்தபோதே மாநில வங்கிகளைவிடக் கிரெடிட் யூனியன்கள் வாங்கியதுதான் எவ்வளவோ அதிகம் என்று தெரிந்தது. முதலில் கணக்குக் கேட்டு ஒரு சட்டம், கணக்கு வந்தபின் கட்டுப்படுத்த ஒரு சட்டம். எனக்கு இந்த முறை மிகவும் சரியாகப் படுகிறது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதெல்லாம் மாநில உரிமம் உள்ளவற்றுக்குத்தான். கிரெடிட் யூனியன்களில் கோல்டன் 1 மாநில உரிமம், ஸ்கூல்ஸ்ஃபர்ஸ்ட் மத்திய உரிமம். மத்திய உரிமம் என்றால் பெயரிலேயே ஃபெடரல் கிரெடிட் யூனியன் என்று இருந்தாக வேண்டும், பாஸ்புக்கையோ செயலியையோ பார்த்தாலே தெரியும். சேஸ், வெல்ஸ் ஃபார்கோ மாதிரி தேசிய வங்கிகளும் இதில் வராது. கிரெடிட் யூனியன் தரப்பு எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம், பக்கத்துத் தெருவில் இருக்கும் மத்திய உரிமக்காரருக்கு இல்லாத கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் ஏன் என்றார்கள். நியாயமான கேள்விதான், ஆனாலும் மாநிலத்துக்குத் தன் கைக்கு எட்டியதைத்தானே பிடிக்க முடியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மசோதா எண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் தேடும்போது கூட்டத்தொடரின் வருடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதே எண்ணில் சம்பந்தமே இல்லாத மசோதா வந்து நிற்கும். வடிவமைப்பு பழையது, ஃபோனில் படிப்பது சிரமம், கணினியில் பாருங்கள். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது செலவினக் குழுவின் சஸ்பென்ஸ் கோப்பு. அரசுக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களை அதில் போட்டுவைத்து, வருடத்தில் இரண்டு முறை ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் முடிவை வாசித்துவிடுவார்கள். தோற்ற மசோதாவின் வரலாற்றில் "குழுவில் நிறுத்திவைக்கப்பட்டது" என்ற ஒரு வரிதான் இருக்கும். ஏன் என்று எங்கும் இருக்காது. முன் குழுக்களின் பகுப்பாய்வுகளை இத்தனை கவனமாக எழுதிவிட்டு, கடைசியில் காரணமே சொல்லாமல் முடிப்பது படிக்கிற மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று, ஆய்வு செய்யச் சொல்லும் சட்டங்கள். 2021இன் ஏ.பி. 1177, கட்டணமே இல்லாத மாநிலக் கணக்குத் திட்டம் சாத்தியமா என்று ஆராய ஒரு ஆணையம் அமைக்கச் சொன்னது. அந்த ஆய்வு என்ன ஆனது என்று மசோதாவின் பக்கத்தில் இருக்காது, மாநிலக் கருவூலர் அலுவலகத்தின் தளத்துக்குப் போய்த் தேட வேண்டும். ஒரு இணைப்பு கொடுத்தால் போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

நல்லதில் கடைசியாக ஒன்று. 2016இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 54ஆவது முன்மொழிவின்படி, மசோதாவின் இறுதி வடிவம் வாக்கெடுப்புக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே இணையத்தில் வந்துவிட வேண்டும். வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் தாவலில் நீக்கியது சிவப்பில் அடிபட்டும் சேர்த்தது நீலத்தில் சாய்வாகவும் காட்டும், எந்தச் சொல்லைக் கடைசி நேரத்தில் எடுத்தார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பதிவு செய்துகொண்டால் ஒரு மசோதா நகரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். புதிய மசோதாக்கள் பிப்ரவரிக்குள் வந்துவிடும், அந்த மாதக் கடைசியில் ஒருமுறை "கிரெடிட் யூனியன்" என்று தேடி, உங்களைத் தொடும் ஒன்றிரண்டுக்கு இந்த மின்னஞ்சலைப் பதிவு செய்துவையுங்கள்.