குரூப் 2 உள்ளாட்சி வரலாறு நோட்ஸ்: வாங்கலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம் ஜெராக்ஸ் கடைகளில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கென்று ஒரு பயிற்சி மையத்தின் நோட்ஸ் ஸ்பைரல் போட்டு விற்கிறது. மையத்தின் பெயர் வேண்டாம். ஆங்கிலேயர் காலத்து உள்ளாட்சி, சட்டமன்றச் சீர்திருத்தம் பகுதியை மட்டும் பார்ப்போம்.

ஆண்டு அட்டவணை உருப்படியானது. வைஸ்ராய் ரிப்பனின் 1882 உள்ளாட்சித் தீர்மானத்தையும் 1884 சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டத்தையும் பிரித்தே தந்திருக்கிறார்கள். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற மூன்றடுக்கு இங்கே வந்தது 1884 சட்டத்தால்தான். பலருக்கு மார்க் போவது இந்த இடத்தில். தாலுகா போர்டுகள் 1934-ல் ஒழிக்கப்பட்டதும் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை இடது ஓரத்தில் அச்சடித்து, ஸ்பைரல் ஓட்டையை அதன் மேலேயே போட்டிருக்கிறார்கள்!

கோளாறு சட்டமன்றப் பக்கங்களில். '1892-ல் தேர்தல் வந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நடந்தது வேறு. வரி கட்டுபவர் நகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்; நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் ஒரு பெயரைப் பரிந்துரைக்கும்; அவரைச் சட்டமன்றத்துக்கு நியமிப்பது கவர்னர் கையில். 1909-ல் முஸ்லிம்களுக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் தனி வழி கிடைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளாட்சி வழியேதான். நேரடி ஓட்டு பரவலானது 1920 நவம்பரில், அதுவும் சொத்து, வரித் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற இந்த வரிசை பிடிபடாவிட்டால் 'பொருத்துக' வரை சமாளிக்கலாம், மெயின்ஸில் பேனா நின்றுவிடும்.

இன்னொன்று அப்பட்டமான தவறு. 1920-ல் பிராமணரல்லாதாருக்கான 28 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதி என்று போட்டிருக்கிறது. அவை பொதுத் தொகுதிக்குள் ஒதுக்கிய இடங்கள். வாக்காளர் பட்டியல் ஒன்றே. முஸ்லிம்கள், இந்தியக் கிறிஸ்தவர்கள் போன்றோருக்குத்தான் பட்டியலே தனி.

மாகாணத் துறைகளை அமைச்சர்களுக்கும் கவர்னர் குழுவுக்கும் பிரித்துக் கொடுத்த இரட்டை ஆட்சி பற்றிய பகுதி பரவாயில்லை. உள்ளாட்சித் துறை அமைச்சரிடம், நிதி கவர்னரின் நிர்வாகக் குழுவிடம் இருந்ததால் வந்த இழுபறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

டெல்டாவில் விற்கிற நோட்ஸில் டெல்டாவே இல்லை என்பதுதான் எரிச்சல். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மீது செஸ் (கூடுதல் வரி) வசூலித்து மாயவரம்–முத்துப்பேட்டை ரயில்பாதை போட்டது. 1894-ல் வண்டி ஓடியது. போர்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது என்று எழுத இந்த ஒரு உதாரணம் போதும். காரைக்காலுக்கு ஒரு வரிகூட இல்லை. அங்கே 1880-லேயே பிரெஞ்சு கம்யூன் நகராட்சிகள் வந்துவிட்டன. 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரியை அடுத்த கீழூரில், காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் இந்திய இணைப்பு பற்றி ஓட்டுப் போட்ட 178 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8.

முழு நோட்ஸ் வேண்டாம். அட்டவணைப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைரல் போடாத தாளாகக் கேளுங்கள்.