8கே ரா ஃபுட்டேஜுக்கு டெஸ்க்டாப்பா, மேக்புக் ப்ரோவா?

கோத்தகிரியில் உட்கார்ந்து 8கே ரா ஃபுட்டேஜை (மிக உயர்ந்த தெளிவில், கேமரா பதிவு செய்த தரவு பெரிதும் அப்படியே இருக்கும் வீடியோ) எடிட் பண்ணுகிறவர்களுக்கு என் ஓட்டு டெஸ்க்டாப்புக்குத்தான். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ரா கோப்புகளைப் படமாக மாற்றும் வேலையில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுவதால், 8 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டோடு 8கே டைம்லைனில், படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் மெமரி போதவில்லை என்று முரண்டு பிடிக்கும், 16 ஜிபி என்றால் எக்ஸ்போர்ட் ஓரளவு நிம்மதி. ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். மேக்புக்கில் அது நடக்காது.

சரி, மேக்புக்கை ஒதுக்கிவிடவும் முடியாது. 2021-இல் வந்த எம்1 ப்ரோ சிப்பிலிருந்தே புரோரெஸ் என்ற ஆப்பிளின் வீடியோ வடிவத்துக்குத் தனி வன்பொருள் உண்டு, அந்த வடிவில் எக்ஸ்போர்ட் செய்தால் வேகம் கண்கூடு. அப்புறம், ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு பேட்டரியில் ஓடும். டெஸ்க்டாப் வாங்குகிறவர் நல்ல யூபிஎஸ்ஸுக்கும் காசு ஒதுக்கட்டும், சின்னது முழு எக்ஸ்போர்ட்டுக்குத் தாங்காது.