லேபிள் இல்லாத பரு கிரீம் விற்கிறார்கள், ஜாக்கிரதை

பருவுக்கு 'இயற்கை கிரீம்' என்று ஆன்லைனில் விற்பவர் ஒருவரிடம் வாங்கிப் போட்டு, என் முகம் என்ன ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. இதே சரக்கைப் பல பேர் பல பெயரில் விற்கிறார்கள். ஒருவரை மட்டும் சொன்னால் மற்றவர்கள் யோக்கியர்கள் ஆகிவிடுவார்கள்.

வெள்ளை டப்பா, மேலே ஒரு பூப்படம், ஒரு அழகான பெயர். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள், யார் தயாரித்தது, பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் கிடையாது. கேட்டதற்கு, "எல்லாம் மூலிகைதாங்க, ஃபார்முலாவை வெளியே சொல்றதில்லை" என்று பதில் வந்தது.

போட்ட சில நாளிலேயே சிவப்பு அடங்கியது, பரு வற்றியது, முகம் கொஞ்சம் வெளுத்தும் போனது. அவர்கள் காட்டும் 'முன்–பின்' படங்கள் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் 'பின்' படத்தை எப்போது எடுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். அப்புறம் ஒரு ராத்திரி போடாமல் விட்டால்கூட முகம் எரிந்தது. கன்னம், நெற்றி முழுக்க ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பருக்கள். மூக்கோரத்தில் மெல்லிய ரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன. கன்னத்தில் பூனைமுடி வேறு.

விற்றவரிடம் படம் அனுப்பினேன். "உள்ளே இருக்கிற நச்சு வெளியே வருது, இன்னொரு டப்பா போடுங்க, சரியாயிடும்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று திரும்பக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே, நான் டப்பாவை எடுப்பதற்கு முன்பே, "ஏதாவது டப்பா கிரீம் போட்டீங்களா?" என்று கேட்டார். ஸ்டீராய்டு கிரீம்களைத் தொடர்ந்து போட்ட முகத்தின் அடையாளங்கள் இவை என்றார். க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் எக்ஸிமா, சொரியாசிஸ் ஆகிய தோல் நோய்களுக்கு மருத்துவர் அளவு சொல்லி எழுதித் தருபவை. வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிவிடுவதால் பருவும் போனது போலத் தெரியும். தோல் துளையில் அடைப்பு அப்படியே இருக்கும். தோலோ மெலிந்துகொண்டே போகும். நிறுத்தினால் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும், அதற்குப் பயந்து இன்னொரு டப்பா வாங்குவோம். வியாபாரமே இதில்தான் ஓடுகிறது. முகத்தை வெளுக்க வைக்கும் சில கிரீம்களில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களுக்கு, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை தடை விதித்தும் விற்பனை நிற்கவில்லை.

'நச்சு வெளியேறுகிறது' என்ற கதை எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அடாபலின், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டுகளை (வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பரு மருந்துகள்) தொடங்கும்போது முதல் சில வாரங்கள் சிலருக்குப் பரு கூடுவது நிஜம். ஏற்கெனவே தோலுக்கடியில் உருவாகிக்கொண்டிருந்த அடைப்புகள் சீக்கிரம் மேலே வருகின்றன, அவ்வளவுதான். நச்சு எதுவும் இல்லை. அந்த உண்மையில் பாதியைத் திருடித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

இன்று கண்ணில் படும் பரு, வாரக்கணக்கில் முன்பே தொடங்கியது. தோலின் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து துளையை அடைக்க, அங்கே பாக்டீரியா பெருகி வீங்குகிறது. அதனால் உண்மையான சிகிச்சையில் பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்று நாளில் முழு முகத்தையும் பளிச்சென்று ஆக்குவதாகச் சொன்னால் அதுவே சந்தேகப்பட வேண்டிய இடம்.

ஸ்டீராய்டைப் படிப்படியாக விடுவித்த பிறகு மருத்துவர் கொடுத்தது ரொம்பச் சாதாரணமான பழக்கம். காலையிலும் இரவிலும் மென்மையான ஃபேஸ்வாஷ், தேய்க்காமல். 'நான்-காமிடோஜெனிக்' (தோல் துளையை அடைக்காதது) என்று போட்ட மாய்ஸ்ச்சரைசர். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். தோல் தேறிய பிறகுதான் இரவில் 0.1% அடாபலின் ஜெல். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில்லை, ஒரு பட்டாணி அளவு முகம் முழுக்க. பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5% போதும், 10% வாங்கினால் எரிச்சல்தான் கூடும். (தலையணை உறையையும் துண்டையும் வெளுத்துவிடும், வெள்ளை நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு பக்கமே மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

இப்போது இப்படி ஒரு டப்பாவைப் போட்டுக்கொண்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள்; எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். டப்பாவைத் தூக்கி எறியவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டவும், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் கொடுக்கவும் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். விற்றவரோடு நடந்த உரையாடலையும், அவர் பிளாக் செய்வதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.