பைலான்டெக் யூஎஸ்3000சி ரிவ்யூ: டர்பன் வீட்டுக்கு இந்த லித்தியம் பேட்டரி தாங்குமா?

தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் பகுதில நான் வாடகைக்கு இருக்குற வீட்டு ஓனர் ஆன்ட்டியோட பழைய ஜெல் பேட்டரி செத்துப்போச்சு, எதை வாங்கலாம்னு என்கிட்டதான் கேட்டாங்க. நான் இங்க போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்சிட்டு ஆராய்ச்சி பண்றவன், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல கொஞ்சம் மாங்கனீஸ் சேத்து வோல்டேஜை ஏத்த முடியுமானு பாக்குறதுதான் வேலை. லேப்ல நான் செய்யுற காயின் செல்லுல (நாணயம் அளவு குட்டி பேட்டரி) பவுடர் சில மில்லிகிராம்தான் இருக்கும், அதே கெமிஸ்ட்ரி 32 கிலோ பெட்டியா கராஜ் சுவத்துல உக்காந்து ஃப்ரிட்ஜ் ஓட்டுறதைப் பாக்க எனக்கு அவ்ளோ சந்தோஷம். அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஜெல் ஏன் செத்துச்சுன்னு சொல்லிடுறேன், ஏன்னா இன்னும் நிறைய பேர் விலை கம்மினு அதைத்தான் வாங்குறாங்க. 2023ல லோட்ஷெடிங் (முறை வெச்சு கரண்டை நிறுத்துறது) உச்சத்துல இருந்தப்ப ஸ்டேஜ் 6ன்னு ரொம்ப மோசமான நிலை வரைக்கும் போச்சுல்ல, கரண்ட் வந்து பேட்டரி முழுசா ஏறுறதுக்குள்ள அடுத்த கட் வந்துடும். ஜெல்லும் லெட் ஆசிட் வகைதான், அதை அரைகுறையா ஏத்தி அரைகுறையா இறக்கிட்டே இருந்தா தகட்டுல சல்பேட் கெட்டிப்பட்டு உறைஞ்சிடும், அப்புறம் என்ன பண்ணாலும் பழைய கெப்பாசிட்டி திரும்பாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது, பாதி சார்ஜ்ல நிக்கிறது அதுக்கு நல்லதுதான்.

இந்த யூஎஸ்3000சி உள்ள 3.2 வோல்ட் செல் 15 வரிசையா இருக்கு, மொத்தம் 48 வோல்ட், 74 ஆம்பியர் அவர், கணக்கு போட்டா 3.55 கிலோவாட் அவர். அதுல 95 சதவீதம் எடுக்கலாம்னு கம்பெனி சொல்லுது. ஃப்ரிட்ஜ், வைஃபை, நாலு லைட்டு, டிவி எல்லாம் சேந்து சராசரியா 300 வாட் இழுத்தா ஒரு பேட்டரியே ராத்திரி முழுக்க தாராளமா வரும். ஆனா கம்பெனி பரிந்துரைக்கிற கரண்ட் 37 ஆம்ப்தான், அதாவது ஏறக்குறைய 1800 வாட். கெட்டில் ஒண்ணு போட்டாலே அதைத் தாண்டிடும். அதனால ஆன்ட்டிக்கு ரெண்டு வாங்கச் சொன்னேன், பேரலலா (பக்க இணைப்புல) இணைச்சா லோடு பாதிப்பாதியா பிரிஞ்சிடும், செல்லும் சூடாகாது. கீசரை மட்டும் பேக்கப் லைன்ல சேக்கவே சேக்காதீங்க, எந்த பேட்டரியா இருந்தாலும் சரி.

லித்தியம்னா போன் மாதிரி வெடிக்குமான்னு ஆன்ட்டி பயந்தாங்க, நியாயமான பயம்தான். இந்த வகையில ஆக்சிஜனை பாஸ்பரஸ் விடாம இறுக்கிப் பிடிச்சுக்கும், செல் சூடானாலும் கோபால்ட் ஆக்சைடு வகை மாதிரி சுலபமா ஆக்சிஜனை வெளிய விடாது, அதனால தீ பத்துற வாய்ப்பு ரொம்பக் குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த மெட்டீரியலை 1997ல வெளியிட்டது டெக்சாஸ்ல ஜான் குட்இனஃப்ங்கிற விஞ்ஞானியோட குரூப். அதுக்கு முன்னாடியே 80கள்ல சல்பேட் மாதிரி பாலிஅனயான் (பல அணு சேந்த எதிர்மின் அயனி) வெச்சு வோல்டேஜ் ஏத்தலாம்னு அவரோட சேந்து காட்டினவர் நம்ம ஆறுமுகம் மந்திரம், தமிழ்நாட்டு அமராபுரத்துக்காரர். 2019ல குட்இனஃபுக்கு நோபல் கிடைச்சப்ப ஸ்டாக்ஹோம்ல அவர் சார்பா லெக்சர் கொடுத்ததும் இவர்தான். ஆன்ட்டிகிட்ட இதைச் சொன்னதும் அவங்க முகத்தைப் பாக்கணுமே!

இப்ப முக்கியமான விஷயம். பேட்டரி நல்லா இருந்தா மட்டும் போதாது, மாட்டுறவர் ஒழுங்கா மாட்டணும். எங்களுக்கு வந்த ஆளு (பேர் வேணாம்) பவர் கேபிளை மாட்டிட்டு கேன் கேபிளை (பேட்டரியும் இன்வெர்ட்டரும் பேசிக்கிற டேட்டா கேபிள்) மாட்டாமயே கிளம்பிட்டார், இன்வெர்ட்டர்ல பேட்டரி டைப் லெட் ஆசிட்னே இருந்துச்சு. மத்தியானம் சோலார் நல்லா வந்ததும் இன்வெர்ட்டர் 57 வோல்ட்டுக்கு மேல ஏத்தப் பாக்குது, இந்த பேட்டரிக்கு 53 சொச்சம்தான் லிமிட், உள்ள இருக்குற பிஎம்எஸ் (செல்லைக் கண்காணிச்சுக் காப்பாத்துற சர்க்யூட்) படக்குனு கட் பண்ணிடுச்சு, இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்துது. பிஎம்எஸ் தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு, அதுக்கே நான் மார்க் போடுவேன். இன்னொரு கூத்து, இன்வெர்ட்டர் வோல்டேஜை வெச்சு சதவீதம் காட்டிச்சு. இந்த கெமிஸ்ட்ரில 80 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் நடுவுல மொத்த பேக்குக்கே ஒரு வோல்ட் வித்தியாசம் வராது, அதனால ஸ்கிரீன்ல 70ன்னு இருக்கும், கெட்டில் போட்டதும் 30க்கு விழும், அணைச்சா திரும்ப ஏறும். பேட்டரி முகப்புல வரிசையா இருக்குற ஆறு பச்சை லைட்டு மட்டும் உண்மையைச் சொல்லிட்டு இருந்துச்சு. கேன் கேபிள் மாட்டி லித்தியம் மோடுக்கு மாத்தினதும் ரெண்டும் ஒத்துப்போச்சு. உங்க வீட்டுல சதவீதம் இப்படிக் குதிச்சா பேட்டரி கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி அந்த கேபிளைப் பாருங்க. ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி வயரிங் விதிப்படி இருக்குன்னு சொல்ற கம்ப்ளையன்ஸ் சர்டிஃபிகேட்டும் கையில வாங்கிடுங்க, இன்சூரன்ஸ்காரங்க கேப்பாங்க.

6000 சைக்கிள்னு (ஒரு தடவை ஏத்தி இறக்கினா ஒரு சைக்கிள்) விளம்பரத்துல போட்டிருக்கே, அது 25 டிகிரில. டர்பன் கோடைல தகரக் கூரை போட்ட கராஜ்ல மேல்பக்கம் மாட்டினா 35 சாதாரணமா தாண்டும், சூடு ஏற ஏற செல்லுக்குள்ள லித்தியம் வீணாகுற வேகமும் ஏறும், நீங்க யூஸ் பண்ணாம சும்மா வெச்சிருந்தாக்கூட. அதனால நாங்க வீட்டை ஒட்டின உள் சுவத்துல, தரையிலிருந்து கொஞ்சம் உயரத்துல, சுத்தி காத்து போற மாதிரி மாட்டினோம். ஜோஹன்னஸ்பர்க்காரங்களுக்கு நேர்மாறான கவலை. குளிர்கால விடியக்காலைல சைபர் டிகிரிக்குக் கீழ போனா சார்ஜ் ஏத்தக் கூடாது, லித்தியம் உலோகமா படிஞ்சிடும். பிஎம்எஸ் தடுக்கும்தான், ஆனா வெளிய மாட்டாம உள்ள வெச்சிட்டா அந்த நிலைமையே வராது.

2024 மார்ச் கடைசிலேர்ந்து லோட்ஷெடிங் பெரும்பாலும் இல்லையே, இன்னும் எதுக்குன்னு கேப்பீங்க. கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் ஃபால்ட்னு எங்க தெருவுல கரண்ட் போய்ட்டேதான் இருக்கு, அதோட பகல்ல வர்ற சோலாரை ராத்திரிக்கு வெச்சுக்கலாம்ல, பில்லுல நல்லாவே தெரியுது. குறைனா எனக்கு ஒண்ணுதான், ஒரு பெட்டியோட சைஸ் சின்னது, பெரிய குடும்பம்னா மூணு நாலு அடுக்கணும், அப்ப 5 கிலோவாட் அவர் மாடல் ஒண்ணு ரெண்டு வாங்குறது சுலபமா இருக்கலாம், ரெண்டு விலையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. எங்களுக்கு ரெண்டே போதும், அஞ்சுக்கு நாலரை தரலாம். வாங்குறவங்க மாசத்துக்கு ஒரு தடவையாவது நூறு சதவீதம் வரைக்கும் ஏற விடுங்க, அப்பதான் செல்லெல்லாம் சமமாகும், சதவீதக் கணக்கும் நேராகும். இன்வெர்ட்டர் மெனுவுல பேட்டரி டெம்பரேச்சர் காட்டுற பக்கம் இருந்தா டிசம்பர் ஜனவரில மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பாருங்க, 40ஐத் தொட்டா இடத்தை மாத்திடுங்க.